கிழவன் காதைத் தேடித் தேங்காப்பட்டணம்

என்னைப் பொறுத்தவரை ஆரல்வாய்மொழி தாண்டினால் வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்பதில்லை, அவ்வளவுதான். சாத்தூரில் பஸ் ஏறும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போகும். அதே கம்பி கணவாய் தாண்டியதும் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்துவிடுகிறது. தோவாளையில் பூ மூட்டைகள் ஏறின. பக்கத்து சீட்டுக்காரர் மடியில் பிச்சிப்பூ மூட்டையை வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். வெளியே வயல், வாழை, தென்னை, குளம், மறுபடி குளம். எங்கள் ஊரில் ஒரு கண்மாயில் தண்ணீர் கிடந்தால் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம். இவர்கள் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. இத்தனைக்கும் அன்று காலையில் சாப்பிட்டது தயிர்சாதம்.

நான் இயற்கையை ரசிக்க வரவில்லை. திருட வந்திருந்தேன்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாத்தூரில் பேட்டரிக் கடை வைத்திருப்பது என் பிழைப்பு. மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் அபூர்வ மிளகாய் வளர்ப்பது என் கிறுக்கு. இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதற்கு அட்மின் நான். யாரும் விதையை விற்கக் கூடாது, கேட்டவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது குழுவின் வழக்கம். ஒரு ரகத்தை முதலில் கொண்டுவந்தவர் அந்த ரகத்துக்கு ‘மூலவர்’. அவரிடம் விதை வாங்கி வளர்ப்பவர்கள் எல்லாம் ‘உற்சவர்’. மூலவர் வீட்டில் செடியும் விதையும் அற்றுப்போனால், அந்த ரகத்தை உயிரோடு வைத்திருக்கும் உற்சவருக்குப் பட்டம் போய்விடும். இந்தச் சட்டத்தை எழுதியவனும் நானே. எழுதும்போது என்னிடம் நிறைய விதை இருந்தது.

என் ரகத்தின் பெயர் ‘கிழவன் காது’. ஓமனில் கிரேன் ஓட்டும் என் மைத்துனன், கூட வேலை செய்த ஒரு டிரினிடாட்காரனிடம் வாங்கி வந்தது. பழுத்தால் சாக்லேட் நிறம், மேலெல்லாம் சுருக்கம், நுனியில் ஒரு தொங்கல். பெயர் வைத்தது நான். காரத்தைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் மனைவி அதை அறுத்த கத்தியைத் தனியாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

இந்தக் கோடையில் இலைச்சுருட்டை நோய் வந்து எல்லாச் செடியும் போய்விட்டன. கடைசியாகக் கிடைத்த பழங்களை முறத்தில் போட்டு மாடியில் காயவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது முறத்தில் இரண்டு கொண்டைக்குருவிகள் மொய் விருந்துக்கு வந்தவை போல உட்கார்ந்திருந்தன. பறவைக்கு மிளகாய்க் காரம் தெரியாது. ஒரு விதைகூட மிச்சமில்லை. இந்நேரம் சாத்தூரில் ஏதோ காம்பவுண்டுச் சுவர் இடுக்கில் கிழவன் காது முளைத்திருக்கும். எந்தச் சுவர் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் மதுரையில் எங்கள் விதைக் கூடல். புது ஆட்களுக்கு மூலவர் தன் கையால் விதை கொடுக்க வேண்டும். என் கையில் ஒன்றும் இல்லை. கிழவன் காதை இன்னும் வைத்திருப்பவர் குழுவில் ஒரே ஒருவர், தேங்காப்பட்டணம் காதர் பாய். வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து மீன் வியாபாரம் பார்க்கிறவர். அவர் ஒரு படம் போட்டால் குழுவில் இதயமாகக் கொட்டும். நான் படம் போட்டால் கட்டைவிரல் ஒன்று வரும், அது என் மைத்துனனுடையது.

“கேட்டா குடுத்துருவாருங்க” என்றாள் மனைவி. கேட்டால் பட்டம் போய்விடுமே. “சும்மா கன்னியாகுமரி பாக்க வந்தேன், அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு” என்று போய் நின்று, ஒரு பழத்தைக் கைவசப்படுத்திக்கொண்டு வந்துவிடுவது என் திட்டம்.

அன்று ராத்தங்கல் நாகர்கோவிலில். சாயங்காலம் ரசவடை தின்றேன். வடையை ரசத்தில் ஊறப்போடுவதை ஒரு ஊரே சேர்ந்து முடிவு செய்திருக்கிறது, நல்ல முடிவு. அடுத்த கடையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, கேட்டேன். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் ஏதோ பச்சையும் நசுக்கி, தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு ஓரத்தில் வைத்தார்கள். நகக்கண் அளவு மிளகாய்தான். சாத்தூர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு காரமா என்று விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பரிமாறுகிறவர் எட்டிப் பார்த்தார்.

“காந்தாரியாக்கும் சாரே. எரிக்குதா?”

“சாத்தூர்லேர்ந்து வர்றேன்” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அதனாலதான் கேட்டேன். அங்க உள்ளவங்கதான் இப்படி மொத்தமா எடுப்பாவ.”

மறுநாள் காலை கடற்கரை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மணவாளக்குறிச்சியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்ததால் டிரைவர் யாருக்கோ போன் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டார். சாலையோர மண் கறுப்பாக மினுங்கியது. செருப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு உதறினாலும் இறங்கவில்லை. மீன் விற்றுவிட்டுக் காலிச் சட்டியோடு திரும்புகிற அம்மா ஒருத்தி, கழுத்தில் சிலுவை, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்க போறிய அண்ணே?”

“தேங்காப்பட்டணம். காதர் பாய்னு ஒருத்தர்.”

“மொளகாக் காதரா? நல்ல மனுசன். எனக்கும் ஒரு மூடு தந்தாரு.”

மூடு என்றால் செடி. மொளகாக் காதர் என்று அவருக்கு ஒரு பெயரே இருக்கிறது. சாத்தூரில் என்னைப் பேட்டரிக்காரர் என்கிறார்கள். “என்ன மிளகாய் தந்தார்?” என்று கேட்டேன்.

“காப்பிக் கலர்ல, சுருங்கிப் போயி இருக்கும். காதருக்க மொளகா.”

“அதுக்குப் பேரு கிழவன் காது.”

“ஆருக்க காதோ. எங்களுக்கு அது காதருக்க மொளகாதான்.” அவள் சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “எனக்க மூடு மழைக்கு அழுகிப் போச்சி. கேட்டா மறுபடியும் தருவாரு. நீங்களும் கேளுங்க.”

ஊர் முழுக்கக் கேட்கச் சொல்கிறது. நான் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினேன்.

காதர் பாய் வீட்டு வாசலில் என் ஒத்திகை எல்லாம் வீணாயிற்று. நான் கன்னியாகுமரி என்று வாயைத் திறக்கும் முன்னால் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வாங்க மூலவரே. ஒரு போன் போட்டிருந்தா ஜங்ஷனுக்கு வந்திருப்பேம்லா. ஏட்டி நசீமா, ஆரு வந்திருக்காவன்னு பாரு.” கட்டம் போட்ட கைலி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அந்தக் குரலில் ‘மூலவரே’ என்று கேட்டபோது எனக்கு உச்சந்தலையில் எண்ணெய் ஊற்றியது போலவும், அதே எண்ணெயில் திரியைப் போட்டுக் கொளுத்தியது போலவும் இருந்தது.

பின்பக்கம் கூட்டிப்போனார். அதைப் பற்றி எழுதாமல் விட்டால் என் உடம்புக்கு நல்லது, ஆனாலும் எழுதுகிறேன். மீன் ஏற்றி வந்து உடைந்துபோன தெர்மாகோல் பெட்டிகளில் மண் நிரப்பிச் செடி வைத்திருக்கிறார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து ஊற்றுகிறார். மழை வருஷத்துக்கு இரண்டு தடவை வீடு தேடி வருகிறது. என் கிழவன் காது என் முழங்காலுக்கு வளர்ந்தால் மனைவிக்குக் காட்டுவேன். அவருடையது என் தோளுக்கு நின்றது. இலைகள் வெற்றிலை அகலம். அதில் ஒரு சுருட்டைகூட இல்லை, நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நோய் இருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

தேனீ வந்து வேறு ரக மகரந்தத்தைக் கலந்துவிடாமல் இருக்க, பூக்களுக்கு அவர் மனைவி நசீமா கொசுவலையில் தைத்த சின்னச் சின்னப் பைகளை மாட்டியிருந்தார்கள். பைக்குள் காய்த்து விதைக்கென்று விட்ட காய்களின் காம்பில் வலை பின்னுகிற நீல நூல் கட்டியிருந்தது. நூல் கட்டிய காயை இன்னொருத்தர் தொடக் கூடாது. இது இவர் வீட்டு வழக்கம் மட்டுமில்லை, எங்கள் குழுவில் எல்லோருக்கும் அப்படித்தான். என் மாடியில் நான் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவேன். மனைவிகூட அதைத் தாண்டித்தான் கை நீட்டுவாள்.

அவருக்குப் போன் வந்தது. மீன் வள்ளம் கரையேறிவிட்டது, ஏலத்துக்கு ஆள் வேண்டும். “பத்து நிமிசம் மூலவரே, தோட்டத்தப் பாத்துட்டிருங்க” என்று பைக்கைக் கிளப்பிவிட்டார். நசீமா அடுக்களையில் இருந்தார். தோட்டத்தில் நானும் ஒரு கோழியும்.

நெஞ்சு அடித்த அடியில் கோழி பயந்து ஒதுங்கியது. பழுத்ததெல்லாம் நீல நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. கை இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தது. திருட வந்தவனுக்கு நூலைக் கண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். கை கேட்கவில்லை. கடைசியில் இலை மறைவில், நூல் இல்லாமல், பழுப்பாகத் தெரிந்த ஒன்றைத் திருகிச் சட்டைப் பையில் போட்டேன். கோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு மரச்சீனியும் சாளை மீன் கறியும். குழம்புச் சட்டியில் என் கிழவன் காது ஒன்று கீறியபடி மிதந்தது. “காரம் எறங்கினதும் எடுத்திரணும், இல்லேன்னா ஆம்பியுலன்சு விளிக்கணும்” என்று நசீமா அதைக் கரண்டியால் எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு கவளம் வைத்தேன். முதலில் ஒரு வாசனை, ஏதோ பழத்தோட்டத்துக்குள் போன மாதிரி. அதற்குப் பிறகுதான் காரம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் வளர்த்தவனுக்கு இந்த மிளகாய்க்கு இப்படி ஒரு வாசனை உண்டு என்று தெரியாது. எங்கள் வீட்டில் அது சமையலுக்கு வந்ததே இல்லை. படம் எடுத்து, விதை எடுத்து, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவோம்.

கிளம்பும்போது நசீமா ஒரு பொட்டலம் கொடுத்தார். திறந்து பார்த்தால் வெள்ளைக் காந்தாரி விதை.

“கிழவன் காது ஒங்களுக்கு எதுக்கு” என்றார் காதர் பாய். “எங்களுக்கே நீங்க தந்ததுலா.”

கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் வராது. வாயைத் திறந்தேன். “அதானே” என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு திருப்பத்தில் பக்கத்து ஆளின் முழங்கை என் சட்டைப் பையில் இறங்கியது. மிளகாய் நசுங்கியது எனக்கு முதலில் தெரியவில்லை, என் நெஞ்சுக்குத்தான் தெரிந்தது. இடது பக்கம், சரியாக எந்த இடத்தில் எரியக் கூடாதோ அந்த இடத்தில். விரலை விட்டு மிளகாயை நகர்த்தினேன். வியர்வை கண்ணில் இறங்கியது, அதே விரலால் துடைத்தேன். அதற்குப் பிறகு குளச்சல் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

“சாரே, நெஞ்சைப் பிடிக்கீங்க. வலியா?” என்று முழங்கைக்காரர் கேட்டார்.

“வாயு.”

“வாயுன்னுதான் எனக்க மச்சினனும் பறஞ்சான்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். பஸ் முழுவதும் அந்த மச்சினனுக்காக ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றக் கையைக் கொண்டுவந்தார், நான் சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பையில் பணம் வைத்திருக்கிறான் பாவம் என்று நினைத்திருப்பார்கள். கண்டக்டர் வந்து, “ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தச் சொல்லட்டா?” என்று கேட்டார். இதற்கு மேல் மருத்துவரிடம் போய், அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, அவர் கையும் எரிந்து, அவரும் கண்ணைத் துடைத்து… வேண்டாம் என்று கும்பிட்டேன். நாகர்கோவில் வரும்வரை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எனக்கு நோட்டால் விசிறிக்கொண்டு வந்தாள். அந்த ஊர்க்காரர்களின் நல்ல குணத்தின் மேலும் எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. எங்கள் பக்கம் என்றால் தண்ணீர் தெளித்துவிட்டு டிக்கெட் எங்கே என்று கேட்போம்.

அறையில் சோப்புப் போட்டேன், தயிர் பூசினேன், தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து தடவினேன். கொஞ்சம் அடங்கியதும் திருட்டுப் பொருளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிரித்தேன். நிழலில் பழுப்பாகத் தெரிந்தது பாதிதான் பழுப்பு, பின்பக்கம் முழுப் பச்சை. உள்ளே விதை இருந்தது. வெளுத்து, மெத்தென்று, நகத்தால் அழுத்தினால் தண்ணீர் விட்டது. முற்றாத விதை. ஒன்றுகூட முளைக்காது. நூல் கட்டாத காயைத் தேடிப் பிடித்துப் பறித்தால் வேறென்ன கிடைக்கும்.

மனைவி போன் செய்தாள். “கேட்டீங்களா?”

“நாளைக்குக் கேக்கேன்.”

“இன்னிக்கு என்ன செஞ்சீங்க?”

“ஊர் பாத்தேன்.”

மூன்றாம் நாள் மார்த்தாண்டம் வழியாகப் போனேன், நேற்றைய கண்டக்டர் கண்ணில் பட விருப்பமில்லை. மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் பஸ் நகராமல் நின்றது. என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் குடையே கொண்டுபோகவில்லை. மாதிரிக்கு இரண்டு விதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். எதனோடு ஒப்பிட என்று கேட்டால் சாத்தூர்க் குருவியைத்தான் காட்ட வேண்டும். எல்லாப் பொய்யும் இலைச்சுருட்டை வந்த செடி போலவே இருந்தன.

நசீமா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த பாலும் பஞ்சும் கொண்டுவந்து வைத்தார். “கண்ணை மூடிட்டு மேல வையுங்க அண்ணன். முதல் வருசம் இவருக்கும் இப்படித்தான் செவந்து கெடந்துது.”

காதர் பாய் எதிரே வந்து உட்கார்ந்தார். “நேத்து ஒரு பிஞ்சு காணல்ல. கோழி கொத்திட்டுன்னு நெனச்சேன்.” ஒரு பெருமூச்சு விட்டார். “ஆனா கோழிக்குக் கண்ணு செவக்காதுலா.”

நான் பஞ்சுக்கு அடியில் இருந்தேன். அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

“ஏட்டி நசீமா” என்று அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “நூலு கெட்டினது ஒண்ணையும் தொடல்ல பாத்தியா. அதாக்கும் மூலவர்.”

அவர் கேலிதான் செய்தார். ஆனால் அந்தக் கேலிக்குள் மரியாதையும் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. பஞ்சை எடுத்தேன். “விதை வேணும் பாய். எங்கிட்ட இல்ல. செடியும் போச்சு, விதையும் போச்சு. குருவி தின்னுட்டுப் போச்சு. ஒண்ணுகூட இல்ல.” வாய் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. “சட்டப்படி இனி நீங்கதான் மூலவர். இன்னிக்கே குழுவுல எழுதிர்றேன்.”

“குருவியா?” என்றார். பட்டத்தை விட்டுவிட்டுக் குருவியைப் பிடித்துக்கொண்டார். “முறத்துல காயப்போட்டியளா? மேல வலை போடலியா?”

“போடல.”

“அய்யோ” என்று உண்மையாகவே தலையில் கை வைத்தார். பிறகு எழுந்து, கத்தரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். நன்றாகக் கறுத்துப் பழுத்த இரண்டைத் தேர்ந்து, நூலோடு சேர்த்துக் காம்பை நறுக்கி, கொசுவலைப் பையிலேயே போட்டு என் கையில் வைத்தார். “சட்டைப் பையில போடாதீங்க” என்றார். செடியோடு என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. குழுவில் எழுதுவது பற்றி மறுபடி சொன்னேன். “எழுதுங்க, எழுதுங்க. அவசரம் என்ன, ஊருக்குப் போயி எழுதுங்க” என்றார்.

நான் அவசரக்காரன். தோவாளை தாண்டி, காற்று மறுபடியும் சூடாகிற இடத்தில் போனை எடுத்தேன். ‘நண்பர்களே, ஒரு முக்கிய அறிவிப்பு’ என்று அடித்தேன். அறிவிப்பு என்பது பெரிய வார்த்தையாகப் பட்டது, அழித்தேன். ‘கிழவன் காது மூலவர் பட்டம்’ என்று தொடங்கினேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபடி தொடங்கினேன்.

அதற்குள் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. தோளுயரச் செடிகளுக்கு நடுவே கண் சிவந்து, முகம் வீங்கி நிற்கிற நான். கீழே காதர் பாய் எழுதியிருந்தார்:

‘நம்ம மூலவர் சாத்தூர்ல இருந்து ரெண்டு நாள் என் தோட்டத்துக்கு நேர்ல வந்து கிழவன் காது கலப்படம் ஆகாம இருக்கான்னு சோதிச்சாங்க. பச்சையா கடிச்சுப் பாத்தாங்க, அதான் கண்ணு இப்படி. நூல் கட்டின ரெண்டு பழம் எடுத்திருக்காங்க, மதுரைக் கூடலுக்கு விதை அதுல இருந்துதான். இந்தப் பொறுப்பு வேற யாருக்கு வரும்.’

இதயங்கள் கொட்டின. என் பெயருக்கு, என் படத்துக்கு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், பச்சையாகக் கடிக்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன், மதுரையில் உங்கள் காலைத் தொட வேண்டும் என்று எழுதினார். என் மைத்துனன்கூட இந்த முறை கட்டைவிரல் போடாமல் கைதட்டினான்.

நான் பாதி அடித்து வைத்திருந்ததை அழித்தேன். அவர் எழுதியதை இன்னொரு தடவை படித்தேன். இரண்டு நாள் உண்மை. சிவந்த கண் உண்மை. நூல் கட்டிய பழமும் உண்மை. நடுவில் ஒன்றை மட்டும் நட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித் தழைக்க விட்டிருந்தார். நான் மூன்று நாளாக முயன்றும் ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த மனுஷனுக்குப் பொய்கூட என்னைவிட நன்றாக விளைகிறது.